மலைப்பாதை ஜீப்பை உயர்த்துதல்: சிக்கனமான வழி எது?

மலைக் கிராமங்களில் ஜீப் வண்டி ஆற்றும் பணி சாமானியமானதன்று. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், பிரசவ வேதனையுறும் தாயை மருத்துவமனையில் சேர்ப்பதும் பல ஊர்களில் அதன் பொறுப்பாகவே இருந்து வருகின்றன. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் காலத்திலிருந்தே ஜீப் கிராம மக்களுக்கு நன்கு பழகிய வண்டியாகும். பாதையிலுள்ள பாறை வண்டியின் அடியில் இடிக்கும்போது, “வண்டியைச் சிறிது உயர்த்தினால் என்ன?” என்ற எண்ணம் உரிமையாளருக்கு எழுவது இயல்பே. ஆனால் குறைந்த செலவில், வண்டிக்கும் அதில் ஏறுவோருக்கும் தீங்கின்றி இதைச் செய்வது எவ்வாறு? அதனை இங்கு ஆராய்வோம்.

உயர்த்துவதால் கிடைப்பது என்ன?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். பழைய ஜீப்பிலும், 1985 இல் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்சியிலும், முன்னும் பின்னும் உள்ள அச்சுகள் பட்டை வில்லின் மீது அமைந்தவை. பட்டறைகளில் இதை லீஃப் ஸ்பிரிங் என்பர். வில்லை மாற்றி வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் சேசிஸும் உடற்பகுதியும் மட்டுமே உயரும். அச்சின் நடுவே உருண்டு பருத்திருக்கும் டிஃபரென்ஷியல் முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். அது உயர வேண்டுமாயின் டயரின் விட்டம் பெருக வேண்டும். விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலமே உயரும்.

எனவே, இடிபடும் பாகம் எது என்பதை முதலில் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தறிய வேண்டும். டிஃபரென்ஷியலில் கீறல் விழுந்திருந்தால் வில்லுக்குச் செலவிடும் பணம் வீண். சேசிஸின் நடுப்பகுதி இடிபட்டிருந்தால் வில்லை உயர்த்துவதால் பயனுண்டு. முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 240 செ.மீ. உள்ள ஒரு வண்டியின் நடுப்பகுதி தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ 19 பாகை கோணமுள்ள மேட்டை அது இடிக்காமல் கடக்கும். அதே பகுதி 25 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 23 பாகை வரை கடக்கலாம்.

இழந்த உயரத்தை மீட்பதே முதற்பணி

பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டை வில் தன் வளைவை இழந்து தட்டையாகி விடுகிறது. வண்டி தாழ்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதைக் கண்டறியச் செலவு ஏதுமில்லை. பாரமில்லாத வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து பார்க்க வேண்டும். இடப்புற அளவும் வலப்புற அளவும் வேறுபட்டாலும், அதே வகையைச் சேர்ந்த நல்ல வண்டியின் அளவைவிடக் குறைந்திருந்தாலும், வில் தளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

இத்தகைய வண்டிக்கு வேண்டியது புதிய வில்லும் புதிய புஷ்களுமே. பழைய பட்டைகளை உலையில் காய்ச்சி வளைத்துத் தருவோரும் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாவிடில் எஃகு தன் வலிமையை இழந்து மீண்டும் தொய்யும், அல்லது பாரத்தின்போது முறியும். ஆகையால் பதமேற்றும் வசதியுள்ள பட்டறையிலன்றி இவ்வேலையைச் செய்வித்தல் கூடாது.

வழிகளும் அவற்றின் குணதோஷங்களும்

மேலும் உயரம் தேவையெனில் பட்டை வில் வண்டிக்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, வில்லின் ஒரு முனையைச் சேசிஸுடன் இணைக்கும் ஷேக்கிளை நீட்டுதல். இது மிக மலிவானது. ஆயினும் ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். முன்புறத்தில் இதைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி, திருப்பத்திற்குப் பின் ஸ்டீயரிங் தானே நேர்படும் இயல்பு குறையக்கூடும்.

இரண்டாவது, அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தல். பின் அச்சில் சிறிய அளவில் இது செல்லும். முன் அச்சில் அறவே கூடாது. பிரேக் பிடிக்கையில் கட்டை நழுவினால் வண்டி கைக்கு அடங்காது. கட்டையின் மேல் கட்டை அடுக்குதல் எங்குமே ஆகாது.

மூன்றாவது, வில்லில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தல். எப்போதும் மூட்டை சுமக்கும் வண்டியின் பின்புறத்திற்கு இது ஏற்றது. ஆயின் வில் விறைத்துவிடுவதால், வெறும் வண்டி குலுங்கும். கரடுமுரடான இடத்தில் சக்கரம் தரையைத் தழுவிச் செல்வதும் குறையும்.

நான்காவது, வளைவு மிகுந்த புதிய வில் தொகுதியை நான்கு சக்கரங்களுக்கும் அமைத்தல். முதலில் செலவு அதிகமெனத் தோன்றினும், அன்றாடம் ஓடும் வண்டிக்கு இதுவே நிலைத்த வழி. 

பொலீரோவின் முன்புறத்தில் உள்ளது போன்ற சுருள் வில்லுக்கு இவை பொருந்தா. சுருளின் மேல் வளையம் வைத்து உயர்த்தினால் வில்லின் பலம் மாறாது. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் கோணம் மாறுவதால் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்தல் கட்டாயம்.

உடன் செல்லும் செலவுகள்

வில்லின் விலையை மட்டும் கணக்கிடுவோர் பாதிச் செலவையே கணக்கிடுகின்றனர். உயரத்திற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர் வேண்டும். பிரேக் குழாய்கள் எட்டவேண்டும். இதைச் சோதிக்க எளிய முறை உண்டு: சேசிஸுக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது பிரேக் குழாய் விறைத்து நின்றால் அது ஒருநாள் அறுந்தே தீரும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மிகுந்தால் அதன் மூட்டுகள் விரைவில் தேயும். யு போல்ட்டுகள் புதியனவாக இருத்தல் வேண்டும். சில நாட்கள் ஓடியபின் அவற்றை மீண்டும் முடுக்க வேண்டும். முகப்பு விளக்கையும் தாழ்த்திச் சீராக்காவிடில் எதிரே வருவோரின் கண் கூசும்.

உயரத்திற்கு நாம் தரும் விலை

வண்டி உயர்ந்தால் அதன் பாரமையமும் உயர்கிறது. சக்கரங்களின் குறுக்கு அகலத்தைப் பாரமைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வண்டியின் நிலைப்பு விளங்கும். அகலம் 140 செ.மீ., பாரமையம் 65 செ.மீ. எனில் விடை 1.08. பாரமையம் 5 செ.மீ. உயர்ந்தால் அது 1.00 ஆகக் குறைகிறது. மேல்தட்டில் மூட்டைகளோ ஆட்களோ ஏறினால் இன்னும் குறையும். கொண்டை ஊசி வளைவில் இச்சிறு வேற்றுமை உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும். ஆதலால் அன்றாட வண்டியை 2 அங்குலத்திற்கு மேல் உயர்த்த நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததினின்றும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. உயர்த்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிதல் அறிவுடைமை.

செய்ய வேண்டிய வரிசை இதுவே: முதலில் அளந்து பாருங்கள், தளர்ந்த வில்லையும் தேய்ந்த புஷ்களையும் மாற்றுங்கள், உற்பத்தியாளர் அனுமதித்த அளவில் நல்ல டயர் பூட்டுங்கள். இவற்றுக்குப் பின்னும் சேசிஸ் இடிபட்டால் மட்டும் உயர்த்துவதைப் பற்றி எண்ணுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் மூன்றே போதுமானவை. மிஞ்சும் பணத்தைப் பிரேக்கைச் செப்பனிடச் செலவிடுங்கள். மலையேறும் வண்டி பத்திரமாக இறங்கவும் வேண்டுமன்றோ!