போட்டோ பார்த்து ஆயில் பெயின்டிங்

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆயில் பெயின்டிங் பரிசா? இரண்டு மூன்று மாதம் முன்பே ஓவியரிடம் சொல்லிவிடுங்கள். பெயின்ட் மேலாகக் காயவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். வார்னிஷ் பெரும்பாலும் 6 மாதம் கழித்துத்தான்.

ஆதார் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்காதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கிவிடும். ஜன்னலோரம், ஒரு கன்னத்தில் லேசாக நிழல் விழ எடுத்த படம்தான் தோது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. கறுப்பு வெள்ளைப் படமென்றால் புடவை நிறம், மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். செல்ஃபியில் இடம் வலம் மாறியிருக்கலாம், ஜாக்கிரதை!

திருத்தங்களை ஸ்கெட்ச் நிலையிலேயே சொல்லுங்கள். கேன்வாஸில் பிரின்ட் போட்டு, மேலே நாலு தீற்றுத் தீற்றித் தருபவர்களும் உண்டு. அதனால் பாதி வரைந்த நிலையில் ஒரு போட்டோ கேட்டு வாங்குங்கள்.