நகர வீட்டுத்தோட்டமும் காட்டுத் தேனீக்களும்

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களில் வீட்டுத்தோட்டஞ் செய்வோர் பலர் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. பூசணிக்கொடி செழித்து வளர்கின்றது. பூக்களும் நிறைய மலர்கின்றன. ஆயினும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகின்றன. இதனைக் காண்போர் பசளை போதாதென்றெண்ணி மேலும் பசளை இடுவர். அல்லது நோயென்று கருதி நஞ்சு தெளிப்பர். பல வேளைகளில் இவ்விரண்டுங் காரணமல்ல. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் தேனீக்கள் தோட்டத்துக்கு வாராமையே காரணமாகும். நஞ்சு தெளித்தலால் எஞ்சிய தேனீக்களும் மடிய, குறை பெருகுமேயன்றி நீங்காது.

பிஞ்சு உதிர்வதன் காரணம்

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு காணப்படும், ஆண்பூவில் அஃதில்லை. கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் ஆண்பூக்களே தோன்றி உதிரும், இஃது இயல்பு. பெண்பூக்கள் தோன்றிய பின்னரும் பிஞ்சு நில்லாதாயின், மகரந்தச் சேர்க்கை நிகழவில்லையென ஐயுறல் வேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்குமுன் குவிந்துவிடும். அச்சில மணி நேரத்துள் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவின் குறியை அடைதல் வேண்டும். அம்மகரந்தம் ஒட்டுந்தன்மை உடையதாதலின் காற்று அதனைக் கொண்டு செல்லாது. மகரந்தம் குறைவாகச் சேரின் காய் கோணலாக வளரும்.

கத்தரிப்பூவின் அமைப்பு வேறு. அதன் மகரந்தக்கூடு முழுவதும் வெடித்துத் திறப்பதில்லை; நுனியிலுள்ள சிறு துளைகள் வழியாகவே மகரந்தம் வெளிவரும். சில காட்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்வினால் மகரந்தம் தூளாகச் சிந்தும். பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீ இவ்வாறு செய்யவல்லதன்று. எனவே தேன்பெட்டி வைத்தல் மட்டும் எல்லாப் பயிருக்கும் போதியதாகாது.

உதவும் தேனீக்கள்

இலங்கையில் ஏறத்தாழ 150 தேனீயினங்கள் உள. இவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை; மனிதர் எடுக்கத்தக்க தேனைச் சேர்ப்பதுமில்லை. பெண் தேனீ தனித்துக் கூடமைத்து முட்டையிடும். நகரத் தோட்டங்களிற் காணத்தக்கவை சில பின்வருமாறு:

கருவண்டு: வண்டெனப்படினும் இது பெரியதொரு தேனீயே. உலர்ந்த மரத்தையும் மூங்கிலையுந் துளைத்துக் கூடமைக்கும். கொடித்தோடையின் மஞ்சள் இனத்துக்கு இது இன்றியமையாதது. அவ்வினம் தன் மகரந்தத்தாற் காய்க்காது; சிறிய தேனீக்களோ அதன் குறியைத் தொடாமலே மகரந்தத்தை எடுத்துச் சென்றுவிடும்.

நீலவரித் தேனீ: வயிற்றில் நீல வரிகள் உடையது. மண்ணிலும் பழைய மண்சுவரிலும் கூடமைக்கும். கத்தரி, தக்காளிப் பூக்களை அதிரச் செய்யும்.

இலைவெட்டித் தேனீ: றோசா முதலியவற்றின் இலையோரத்தை வட்டமாக வெட்டிச் சென்று தன் கூட்டுக்கு உறையிடும். இதனாற் செடிக்குக் கேடில்லை. இவ்வடையாளத்தைப் பீடையின் தாக்கமெனக் கருதி நஞ்சு தெளித்தல் தவறாகும்.

கொசுத்தேனீ: ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளமானது, கொட்டாது. சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் கூட்டமாக வாழும்.

நாட்டத்தக்க செடிகள்

பயிர் பூப்பது சில வாரங்களே. தேனீக்கோ ஆண்டு முழுவதும் உணவு வேண்டும். இவ்விடைவெளியை நாட்டுச் செடிகள் நிரப்பும்.

உலர்வலய நகரங்களில் ஆவாரை, நொச்சி, தும்பை ஆகியன நன்கு வளரும். ஆவாரைப்பூவின் மகரந்தக்கூடும் கத்தரியினதைப் போன்று நுனியிலே துளையுடையது. ஆதலின் ஆவாரைக்கு வரும் தேனீக்கள் கத்தரிக்கும் பயன்படும். ஈரவலயத்தில் சிங்களத்திற் போவிட்டியா எனப்படும் ஊதாப்பூச்செடி இப்பணியைச் செய்யும். துளசி எங்கும் வளரும். அதன் பூங்கதிர்களை உடனுக்குடன் கிள்ளாது சிலவற்றை விட்டுவைத்தல் நன்று. இடமுள்ள வளவுகளில் வேம்பு, கொன்றை, புங்கு, பூவரசு ஆகியவற்றுள் ஒன்றையேனும் நாட்டலாம். மாடிவீடுகளில் வசிப்போர் துளசியையும் தும்பையையும் சாடிகளில் வளர்க்கலாம்.

ஓரினச் செடிகளைச் சிதறி நாட்டாது மூன்று நான்காகச் சேர்த்து நாட்டின் தேனீக்கள் எளிதிற் கண்டடையும். அடுக்குச் செவ்வரத்தை போன்ற அடுக்குப் பூக்களில் மகரந்தம் அரிது. அழகுக்கன்றித் தேனீக்கு அவை உதவா.

உறைவிடம்

முற்றம் முழுவதற்கும் சீமெந்து இடுதல் மண்ணிற் கூடமைக்கும் தேனீக்களை அகற்றிவிடும். வெயில்படும் ஒரு மூலையில், நீர் தேங்காத வெறுநிலத்தைக் கொத்தாமலும் மூடாமலும் விடுதல் வேண்டும். கணுவால் ஒருபுறம் அடைபட்ட மூங்கிற் குழாய்களை ஆறு அங்குல நீளத்துக்கு வெட்டி, கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை துளையுள்ளவற்றைக் கட்டாக்கி, மழைபடாத தாழ்வாரத்தின்கீழ்த் தொங்கவிடலாம். தேனீக்களுக்கு நீர் வைப்பின், சிறு கற்கள் இட்ட தட்டில் வைத்து நாள்தோறும் ஊற்றி மாற்றுதல் அவசியம். இல்லையேல் டெங்கு நுளம்பு பெருகும்.

உயர்ந்த மரங்களிலும் கட்டடங்களிலும் தொங்கும் பெருந்தேனீக் கூடுகளை மேற்கூறியவற்றோடு ஒப்பிடலாகாது. அவை கூட்டமாகக் கொட்டி உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். அவற்றின்மீது கல்லெறிதலும் புகையிடுதலும் ஆகா; சிறுவரை அணுகவிடலும் ஆகாது.

நஞ்சு தவிர்த்தல்

பூத்திருக்கும் செடிக்கு நஞ்சு தெளித்தலாகாது. இமிடாகுளோபிரிட் போன்ற சில நஞ்சுகள் செடியின் உடலெங்கும் பரவி மகரந்தத்திலும் தேனிலுஞ் சேர்வதால், மாலையில் தெளிப்பினும் மறுநாட் பூவில் நஞ்சு இருக்கும். பாகல், பூசணிப் பிஞ்சுகளைப் பழ ஈயினின்று காக்க, பூவிதழ் வாடியபின் கடதாசி உறை கட்டுதல் போதுமானது.

சோதித்தறியும் முறை

காலை ஏழு மணியளவில் மலர்ந்த பூசணிப்பூ ஒன்றைப் பத்து நிமிடம் கவனித்தல் வேண்டும். சில நாட்கள் இவ்வாறு கவனித்தும் தேனீ எதுவும் வாராதாயின், அத்தோட்டத்துக்கு வேண்டுவது பசளையன்று. அப்பருவத்துக்குக் கையாற் சேர்க்கை செய்தலே வழி: அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, காலை ஒன்பது மணிக்குமுன் பெண்பூவின் குறியில் மெதுவாகத் தடவுதல் வேண்டும். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூக்களுக்குப் போதும்.

அதே பருவத்தில் நாட்டுச் செடிகளையும் நாட்டிவிடின் அடுத்த பருவங்களில் இவ்வுழைப்பு குறையும். சிறு தேனீக்கள் தம் கூட்டிலிருந்து சில நூறு மீற்றரே செல்வனவாதலின், ஒரு வளவில் மட்டும் பூவிருத்தல் போதாது. அயலவர்க்கும் தும்பை விதையும் துளசி நாற்றுங் கொடுத்து நாட்டச் செய்பவர் தம் கொடியின் விளைவையே பெருக்கிக்கொள்பவராவர்.