கீர் ஹார்டி: சுரங்கத்தினின்று பார்லிமெண்டு வரை

ஸ்காட்லாந்து நிலப்பரப்பிற் சிறியதாயினும் அரசியல் துறையில் பெயர் பெற்றோர் பலரை ஈன்ற நாடாகும். அவருட் சிலர் குடிப்பிறப்பாலும், சிலர் கல்வியாலும், சிலர் செல்வத்தாலும் மேனிலை எய்தினர். இம்மூன்றனுள் ஒன்றேனும் இல்லாது, பத்தாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தின் இருளிற் புகுந்து, முப்பத்தைந்தாம் வயதில் பார்லிமெண்டினுட் புகுந்தார் ஒருவர். அவரே ஜேம்ஸ் கீர் ஹார்டி என்பார்.

இவர் வரலாற்றைக் கற்பார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. பொதுவாழ்விற் புகுந்தவன் தான் பெற்ற இடத்தைக் காத்துக்கொள்ளுதல் முதற்கடமையோ? அன்றி, தன்னைப்போற் பிறந்த எளியோர்க்காகப் பேசி அவ்விடத்தை இழத்தலும் கடமையாகுமோ? இவ்வினாவிற்கு ஹார்டி தம் வாழ்க்கையாலேயே விடை கூறினார். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பிறப்பும் இளமையும்

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், லானர்க்ஷயர் மாகாணத்தில் ஹோலிடவுன் என்னும் ஊரையடுத்த ஒரு சிறு குடிசையில் இவர் பிறந்தார். அன்னையார் மேரி கீர் என்பவர், பிறர் மனையிற் பணிபுரிந்தவர். பின்னர் அவ்வம்மையார் டேவிட் ஹார்டி என்னும் கப்பல் தச்சரை மணந்தார். தாயின் குடிப்பெயரும் வளர்த்த தந்தையின் குடிப்பெயருமே இவர்தம் பெயரில் இணைந்து நிற்கின்றன.

தந்தைக்குத் தொழில் இல்லாத நாட்களில் வீட்டில் அடுப்பெரிவதும் அரிதாயிற்று. ஆதலின் சிறுவர் எட்டு வயது நிரம்புமுன்னரே வேலைக்குச் சென்றார். கிளாஸ்கோ நகரில் ரொட்டிக் கடையொன்றில் வாரத்துக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ் கூலிக்கு அவர் வேலை செய்தபோது நிகழ்ந்ததொன்றைப் பிற்காலத்தில் தாமே கூறியுள்ளார். தம்பி நோயுற்றுக் கிடந்தான். அன்னை பேறுகாலத்தை நெருங்கியிருந்தார். குடும்பத்திற் கூலி கொணர்வார் இச்சிறுவரையன்றி வேறிலர். இரவெல்லாம் தம்பியருகில் விழித்திருந்தமையால் கடைக்குச் செல்லச் சிறிது தாழ்ந்தது. முதலாளி நிறைந்த உணவு மேசையில் மனைவி மக்களோடு வீற்றிருந்தவாறே அவரை வேலையினின்று நீக்கி, அவ்வாரக் கூலியையும் அபராதமாகக் கொண்டார். பக்திமான் எனப் பெயர் பெற்றவர் அம்முதலாளி. சொல்லில் விளங்கும் பக்தி வேறு, செயலில் விளங்கும் இரக்கம் வேறு என்பதனை ஹார்டி அன்றே அறிந்தார்.

அதன்பின் சுரங்க வேலை வாய்த்தது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவரைச் சுரங்கத்துள் அனுப்புதலை 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. பத்து நிரம்பினால் தடையில்லை. இவருக்குப் பத்து நிரம்பியிருந்தது. பாதாளத்தில் ஒரு கதவருகே தனித்திருந்து, கரிவண்டி வரும்போது திறந்து, சென்றபின் மூடுதல் இவர்க்கு வாய்த்த பணி. கதவு திறந்தே கிடப்பின் சுரங்கத்துட் செல்லும் காற்றோட்டம் நெறி தவறும்; நச்சுக்காற்றுத் தேங்கிப் பலர் உயிர்க்கு இறுதி நேரும். ஆதலின் கண்ணயர்தல் ஆகாது. மாரிக்காலத்தில் விடியுமுன் இறங்கி, இருட்டியபின் ஏறுவாராதலின், ஞாயிற்றுக்கிழமையன்றி அவர் பகலொளி கண்டிலர்.

பள்ளிக்கூடம் சென்று பயிலும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை. அன்னையே எழுத்தறிவித்தார். விளக்கின் புகை படிந்த கல்லில் ஊசியாற் கீறிச் சுருக்கெழுத்தினையும் சுரங்கத்துள்ளேயே பயின்றார். இளமையிலேயே மதுவிலக்கு விரதம் பூண்டார். சுவிசேஷ சபையொன்றில் சேர்ந்து பிரசங்கமும் செய்யத் தொடங்கினார். மேடையில் நின்று பேசும் ஆற்றல் இவ்விரண்டு பணிகளாலும் அவர்பால் வளர்ந்தது.

தொழிற்சங்கமும் முதல் தோல்வியும்

நாவன்மை படைத்த தொழிலாளரை முதலாளிகள் விரும்பினாரல்லர். சக தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்தமையால் ஹார்டியும் அவர்தம் உடன்பிறந்தாரும் சுரங்க வேலையினின்று நீக்கப்பட்டனர். அயர்ஷயரில் கம்னாக் என்னும் ஊரிற் குடியேறிப் பத்திரிகைக்கு எழுதிச் சீவித்தார். 1886-இல் அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் காரியதரிசியானார்.

அக்காலத்தில் வோட்டுரிமை பெற்ற தொழிலாளர் பெரும்பாலும் லிபரல் கட்சியையே ஆதரித்தனர். அக்கட்சியோ தொழிலாளரை அபேட்சகராக நிறுத்தப் பெரும்பாலும் இசைந்திலது. எனவே 1888-இல் மிட்-லானர்க் தொகுதியில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் ஹார்டி தனித்து நின்றார். போட்டியினின்று விலகினால் பின்னர் வேறொரு தொகுதியும், ஆண்டுக்கு 300 பவுன் வருவாயும் கிடைக்குமெனத் தூது வந்தது. மறுத்துவிட்டார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வோட்டுகளுள் அவர்க்குக் கிடைத்தவை 617 மட்டுமே. ஆயினும் அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி நிறுவப்பெற்றது. தோல்வியின் பயனாக முளைத்த முதல் வித்து அஃதெனலாம்.

சபையில் ஒரு தனிக்குரல்

1892-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், லண்டனையடுத்த தென் வெஸ்ட் ஹாம் தொகுதியினர் ஹார்டியைத் தேர்ந்தனுப்பினர். பிற அங்கத்தினர் கறுத்த நீண்ட அங்கியும் உயர்ந்த பட்டுத் தொப்பியும் அணிந்து வருவது வழக்கம். ஹார்டி முரட்டுக் கம்பளியுடையும் எளிய துணித்தொப்பியும் அணிந்து சென்றார். அங்கத்தினர்க்குச் சம்பளம் 1911-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டதாகலின், பேனாவே அவர்க்கு ஊண் அளித்தது. வேலையற்றோர் துயரத்தையே மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தமையால், வேலையற்றோரின் பிரதிநிதி என அவரை அழைக்கலாயினர். 1893-ஆம் ஆண்டு ஜனவரியில் பிராட்போர்டு நகரில் சுதந்தரத் தொழிற்கட்சி தோன்றியபோது அவரே அதன் தலைமை ஏற்றார்.

அவர்தம் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டுவது 1894-ஆம் ஆண்டு ஜூன் மாத நிகழ்ச்சியாகும். அம்மாதம் 23-ஆம் நாள் வேல்ஸ் தேசத்தில் ஆல்பியன் என்னும் சுரங்கம் வெடித்து, ஆடவரும் சிறுவருமாக 290 பேர் மாண்டனர். அன்றிரவே விக்டோரியா மகாராணியாரின் பேரர் யார்க் கோமகனுக்கு ஆண்மகவு பிறந்தது. அடுத்த நாள் பிரான்சு தேசத்தின் குடியரசுத் தலைவர் கார்னோ கொலையுண்டார். காமன்ஸ் சபை பிரெஞ்சு மக்களுக்கு அனுதாபம் தெரிவித்தது. 28-ஆம் நாள் அரசகுடும்பத்துக்கு வாழ்த்துத் தீர்மானமும் கொணர்ந்தது. மாண்ட சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கட்கு ஓர் இரங்கலுரையும் அதனொடு சேர்த்தல் வேண்டுமென ஹார்டி கேட்டார். அரசாங்கத்தார் இசையவில்லை.

அவர் எழுந்து அவ்வாழ்த்தை எதிர்த்துப் பேசினார். நாற்புறமும் கூச்சல் எழுந்தது. அதனிடையே தம் கருத்தை முற்றக் கூறியே அமர்ந்தார். முகத்துதி செய்வாரிடையே வளர்க்கப்படும் அக்குழந்தைக்கும், அஃது ஆளவேண்டிய மக்களுக்கும் இடையே ஒரு பிரிவு கோலப்படும் என்பது அவர் உரையின் ஒரு பகுதி. அக்குழந்தையே பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னராகி 1936-இல் முடி துறந்தவர்.

பிறந்த குழந்தையை ஹார்டி வெறுத்தார் என்று கொள்ளுதல் பிழையாகும். ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்குச் சபையில் இடமுண்டு, அண்டை நாட்டின் துக்கத்துக்கும் இடமுண்டு; தன் நாட்டில் இருநூற்றுத் தொண்ணூறு வீடுகளில் எழுந்த அழுகைக்கு மட்டும் இடமில்லையோ என்பதே அவர் வினாவாயிருந்தது. அவ்வுரைக்குப்பின் பலர் அவரைத் துரோகியென இகழ்ந்தனர். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தம் இடத்தை இழந்தார்.

கட்சி வளர்ந்த வரலாறு

இடமிழந்த ஆண்டுகளில் அவர் வாளா இருந்தாரல்லர். தொழிற்சங்கங்களும் பொதுவுடைமைச் சங்கங்களும் ஒருங்கே செயற்படல் வேண்டுமென ஊர்தோறும் உழைத்தார். அதன் பயனாக 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு தோன்றியது. அவ்வாண்டுத் தேர்தலில் அக்குழுவின் சார்பில் வென்றோர் இருவரே. ஒருவர் வேல்ஸ் தேசத்து மெர்தர் டிட்வில் தொகுதியில் நின்ற ஹார்டி. சுரங்கத்தில் மாண்டோர்க்காக அவர் பேசியதனை வேல்ஸ் மக்கள் மறந்திலர் போலும். 1906-இல் வென்றோர் 29 பேராயினர். அக்குழு தொழிற்கட்சி எனப் பெயர் பூண்டது. பார்லிமெண்டில் அதன் முதல் தலைவரும் ஹார்டியே. அவ்வாண்டிலேயே, பெண்டிர்க்கும் வோட்டுரிமை வேண்டுமெனச் சபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார்.

1907-இல் உலகப் பயணம் மேற்கொண்டு இந்தியாவுக்கும் வந்தார். 1905-இல் பிரிக்கப்பட்ட வங்காளம் அப்பொழுது கொந்தளித்துக்கொண்டிருந்தது. கிழக்கு வங்காளத்தின் ஊர்களைச் சென்று கண்டு, கனடாவைப்போல் இந்தியாவும் தன்னைத் தானே ஆளுதல் வேண்டும் என்றார். லண்டன் பத்திரிகைகள் அவரைக் கடிந்தன. தாம் கண்டவற்றை 1909-இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஹார்டி குற்றமற்றவர் எனக் கூறுதல் உண்மைக்கு ஒவ்வாது. கட்சியை உருவாக்கும் திறம் அவர்பால் மிக்கிருந்தது. சபையில் அதனை நடத்தும் பொறுமை குறைந்திருந்தது. 1880-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், லிதுவேனியாவினின்று அயர்ஷயர் இரும்பாலைக்கு வந்த ஏழைகளைப் பற்றி, உள்நாட்டார் கூலி குறையுமென அஞ்சிக் கடுமொழி எழுதியதும் அவரே. ஆயினும் அவர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. 1908-இல் தென்னாப்பிரிக்காவில், தொழிற்சங்கங்கள் நிறவேற்றுமை பாராது எல்லாத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்று கூறி, வெள்ளையர் கூட்டத்தின் சினத்துக்கு ஆளானார். இரக்கமும் கல்வியைப்போல் நாளடைவில் விரிவதே என்பதனை இதனால் அறிகிறோம்.

இறுதிச் சோதனை

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தில் போர் வேண்டாவென முழங்கினார். இரண்டு நாள் கழித்துப் போர் மூண்டது. 6-ஆம் நாள், தம் தொகுதியைச் சேர்ந்த அபர்டேர் நகரில் அவர் பேச எழுந்தபோது, அவ்வூர் மக்களே கூச்சலிட்டும் பாட்டிசைத்தும் அவர் குரலை அடக்கினர். எந்தத் தொழிலாளர்க்காக வாழ்ந்தாரோ அவர்தம் கூச்சல் அது. சபையின் கூச்சலைத் தாங்கிய நெஞ்சம் இதனால் நொந்தது. உடல் நலிந்து, 1915 செப்டம்பர் 26-ஆம் நாள் கிளாஸ்கோவில் உயிர் நீத்தார். அவர் மறைவால் நிகழ்ந்த இடைத்தேர்தலில் வென்றவரோ, அபர்டேர்க் கூட்டத்தைக் குலைத்தோர்க்குத் தலைமை தாங்கிய ஸ்டான்டன் என்பார்.

அன்று நோக்கினார்க்கு ஹார்டியின் வாழ்க்கை தோல்வியில் முடிந்ததாகவே தோன்றியிருக்கும். ஆனால் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதினான்கு வயது நிரம்பாச் சிறுவர் சுரங்கத்துள் இறங்குதல் தடுக்கப்பட்டது. பெண்டிர் 1918-இல் ஓரளவும், 1928-இல் ஆடவரோடு ஒப்பவும் வோட்டுரிமை பெற்றனர். 1900-ஆம் ஆண்டுக் குழுவின் காரியதரிசியாயிருந்த மற்றொரு ஸ்காட்லாந்தியர், ராம்சே மாக்டொனால்டு, 1924-இல் தொழிற்கட்சியின் முதல் பிரதமரானார். இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. இவற்றுள் எதனையும் ஹார்டி ஒருவரே செய்தார் என்பது மிகையாகும். எனினும் இவற்றின் பொருட்டுப் பேசுவார் மிகச் சிலராயிருந்த காலத்திற் பேசியவருள் அவர் ஒருவர்.

மாணவ நண்பர்களே, நம்மிற் சிலர் நாளை சபைகளிலும் அலுவலகங்களிலும் இடம் பெறக்கூடும். இடம் பெறுதல் நன்றே. அவ்விடத்தினின்று பல நற்காரியங்கள் செய்யலாம். ஆயின், பேசவேண்டிய வேளையில் வாய்திறவாது காக்கப்பட்ட இடம் யார்க்குப் பயன்படும்? அவ்விருநூற்றுத் தொண்ணூறு பேரின் பொருட்டு எழுந்த ஹார்டி தம் இடத்தை இழந்தார். அவர்கள் வாழ்ந்த நாட்டின் மக்களோ தம் நெஞ்சில் அவர்க்கு இடமளித்தனர்.