மூட்டுவாதமும் மனச்சோர்வும்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் வேலை விடியமுன்னரே தொடங்கிவிடும். வெங்காய நடுகை, புல்லுப் பிடுங்கல், பாத்தி கட்டல் எல்லாம் கைவிரல்களை நம்பியவை. அவ்விரல்கள் காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மடங்காமல் விறைத்து நின்றால், இரு கைகளின் சிறு மூட்டுக்களும் ஒரேவிதமாக வீங்கி நொந்தால், அது அழற்சி மூட்டுவாதமாக இருக்கலாம். வயதினால் மூட்டுத் தேய்வது வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடற்சக்தி தடம் மாறி நம் மூட்டுக்களையே தாக்குவதால் வருவது இது. நடுவயதிலும், அதற்கு முன்னரும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நோயுள்ள ஒரு தாயைச் சந்திக்கச் சென்றோம். 1990 இல் பெற்றோருடன் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர். 1995 ஒக்டோபர் 30 இல் எல்லோரையும் போலத் தென்மராட்சிக்கும் நடந்தவர். திரும்பி வந்து, குத்தகைக் காணியில் தோட்டஞ் செய்து வாழ்ந்தார். இடியப்ப உரலைப் பிழிய இயலவில்லை என்றார். பூசைக்கு வருவதையும் நிறுத்தியிருந்தார். வீட்டார் அதைச் சோம்பல் என்றனர். நாமோ சிலுவையைப் பொறுமையோடு சுமக்கச் சொல்லி, செபித்துவிட்டு வந்தோம். அவர் மருந்தையும் விட்டுவிட்டு, நாள் முழுவதும் படுத்திருந்தது பல மாதங்களின் பின்னரே தெரியவந்தது. உறக்கம் வருகிறதா, வாழ விருப்பம் இருக்கிறதா என்று நாம் கேட்கவே இல்லை.

அவருக்கு இருந்தது மனச்சோர்வு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளிவந்த கணிப்பொன்றின்படி, இம்மூட்டுவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு உண்டு. நோவு உறக்கத்தைக் கெடுக்கிறது. அழற்சியை உண்டாக்கும் பொருட்கள் மூளையையும் பாதித்துக் களைப்பைத் தருகின்றன. மனம் சோர்ந்தால் அதே நோவு இரட்டிப்பாகத் தெரியும், மருந்தும் கைவிடப்படும். காணியை ஒருமுறை இழந்தவருக்குக் கையும் போவது இரண்டாவது இடப்பெயர்வு.

நம்மவர் மனத்துயரைத் தலையிடி, உடம்பு நோ என்றே சொல்வார்கள் என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்கால யாழ்ப்பாணத்தில் கண்டார்கள். உண்மையாகவே மூட்டு நோகும் ஒருவரிடத்தில் இத்துயர் இன்னும் எளிதாக மறைந்துவிடுகிறது. எல்லாம் வாதத்தின் கணக்கில் போய்விடும்.

ஆகவே இரண்டு கிழமைக்கு மேல் துக்கம், உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால் கிளினிக்கில் மூட்டைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லுங்கள். “இருந்தென்ன” என்று ஒருவர் சொன்னால், சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். மெதோற்றெக்சேற் கொடுக்கப்பட்டால் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தினமும் விழுங்கினால் உயிராபத்து. ஸ்ரீரொயிட் மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. அம்மருந்தே சிலரின் மனநிலையை மாற்றக்கூடியது என்பதையும் அறிந்திருங்கள்.

நோயாளியை எல்லா வேலையிலிருந்தும் ஒதுக்கிவைப்பது அன்பென்று பலர் எண்ணுகின்றனர். தோட்டக்காரருக்கு வேலை என்பது மரியாதையும் கூட. அத்தாய் இப்போது மூட்டுக்கும் மனதுக்கும் சிகிச்சை பெறுகிறார். காலையில் இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்து, விறைப்புத் தளர்ந்த பின் விதை வெங்காயம் தெரிகிறார். மண்வெட்டி மகனிடம். சில நாட்களில் வெங்காயம் தெரியவும் இயலாது. அன்று கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார்.