இருட்டில் கண் தெரிய அரை மணி நேரம்



போன மாதம் ஒருநாள் ராத்திரி எங்க தெருவில் கரண்ட் போயிடுச்சு. நான் அப்பாவோட செல்போனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சார்ஜ் தீர்ந்துடுமேன்னு அணைச்சுட்டு எழுந்தேன். நாலு அடி வைப்பதற்குள் தறிக்குழியில் விழுந்துட்டேன். கால் சுளுக்கியதோடு போகவில்லை. கை பட்டுப் பாவில் இழைகள் அறுந்துவிட்டன. அப்பா மறுநாள் மதியம் வரை குனிந்தபடி ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டார். என்னை ஒரு வார்த்தைகூட திட்டவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆனால் ஓர் ஆச்சரியம்! அதே இருட்டில் திண்ணையிலிருந்த எங்க பாட்டி எதிலும் இடிக்காமல் வந்து என்னைத் தூக்கிவிட்டாங்க. 68 வயது பாட்டிக்குத் தெரிந்த குழி எனக்கு ஏன் தெரியவில்லை? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகலில் நிறம் காட்டும். குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்தில் உதவும். குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி உருவாக வைட்டமின் ஏ வேண்டும், 20 முதல் 30 நிமிடமும் வேண்டும். கெடுவதற்கோ சில விநாடி போதும். பாட்டி ரொம்ப நேரமாக இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாங்க. நான் செல்போனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்!

கடலில் இது உயிர்ப் பிரச்சினை

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கேரளாவைச் சேர்ந்த தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற 56 அடி பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார்கள். 2024 அக்டோபர் 2-இல் கோவாவில் கிளம்பி, 2025 மே 29-இல் அங்கேயே திரும்பினார்கள். இரண்டே பேர் என்பதால் ஒருவர் தூங்கினால் இன்னொருவர்தான் காவல்.

இப்போதெல்லாம் படகுகளில் கடல் வரைபடம் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. அதில் பாறை, ஆழம், கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் சின்ன விளக்கோடு வலை போட்டிருக்கும் மீனவர் படகு அதில் இருக்காது. அதைக் கண்தான் பார்க்க வேண்டும். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே இருப்பது தெரியாது. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனிக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டு பன்னாட்டுக் கடல் விதிகளில் 5-ஆவது விதி.

அதற்கான வழிகள்:

1. திரையை ‘நைட் மோடு’க்கு மாற்றி, கருப்புப் பின்னணியில், வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைக்க வேண்டும்.
2. விளக்கு தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கு. குச்சி செல்கள் சிவப்பை அதிகம் உணராது. ஆனால் சிவப்பும் பளிச்சென்று இருந்தால் கெடுதிதான்.
3. வெளிச்சத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடிய கண்ணின் இருட்டுப் பார்வை கெடாது.
4. மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுவில் குச்சி செல்கள் இல்லை.

செய்து பார்ப்போம்

வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் உங்கள் பெயரை எழுதுங்கள். டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, இருட்டில் அடித்துப் பாருங்கள். பெயர் மறைந்துபோகும்! சிவப்பு விளக்கில் படிக்கும் வரைபடத்தில் முக்கியமானதைச் சிவப்பு மையில் குறிக்கக்கூடாது என்று புரிகிறதா?

இப்போது கரண்ட் போனால் நான் செல்போனை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். முதலில் ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஜன்னல் தெரியும், தறிமரம் தெரியும், கடைசியில் குழியின் ஓரமும் தெரியும். அப்புறம்தான் எழுந்திருப்பேன். நீங்களும் அவசரப்படாதீங்க. முருங்கைக்கீரையும் கேரட்டும் ஒதுக்காம சாப்பிடுங்க!



— 9-ஆம் வகுப்பு மாணவி, ஓரிக்கை