தங்கச்சிக்கு, ஹைஸ்கூல் போகும் முன்னால்

கண்ணு, வர்ற வாரம் உனக்கு ஒன்பதாம் வகுப்பு. பேக், ஷூ எல்லாம் அம்மா வாங்கி வைத்துவிட்டார்கள். அக்கா பங்குக்கு இது. வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், பரவாயில்லை. தடுக்குகிற இடத்தில் அம்மாவைக் கூப்பிடு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் உன் பெயர். முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, உன் பெயர் வருவதற்கு முன் டீச்சர் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடி உனக்கு நன்றாகத் தெரியும். அப்போது "எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் ஆறாம் வகுப்பில் அப்படிச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேடையேறிய அன்றுகூட அந்தத் தப்பான பெயரைத்தான் வாசித்தார்கள். வீடியோ எடுக்கத் தயாராக நின்ற அப்பாவுக்கு அது தன் மகள் பெயர் என்றே புரியவில்லை. நான் பாதி மேடை கடந்த பிறகுதான் போனைத் தூக்கினார். அந்த வீடியோவில் என் முதுகுதான் இருக்கிறது. உன் பெயரில் 'ழ' வேறு இருக்கிறது. நிதானமாக இரண்டு தரம் சொல்லிக் கொடு. சரியாக வராவிட்டாலும் முயற்சி செய்கிற டீச்சர்கள்தான் அதிகம்.

டிபன் பாக்ஸ் பற்றி இந்த ஊரில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சான் ரமோனில் உன் மேஜையிலேயே புளிசாதமும் டம்ப்ளிங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எடுத்துப் போ, பகிர்ந்து சாப்பிடு.

அடுத்தது சண்டை. வீட்டில் சண்டை வந்தால் அதை ஆங்கிலத்தில் போடாதே. இதை நான் சும்மா சொல்லவில்லை. பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க மாட்டேன் என்று நான் கத்தியது உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்கு ஐந்து, ஆறு வயது. ஆங்கிலத்தில் எனக்கு வார்த்தை வேகமாக வரும், அப்பாவுக்கு அந்த வேகம் வராது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மொழியில் 'நீங்க' இல்லை. நான் நியாயம்தான் பேசினேன், அவர் காதில் மரியாதை இல்லாத பேச்சாக விழுந்தது. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா, நீங்க பயப்படறது எனக்குப் புரியுதுங்கப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் எனக்குத் தமிழ் வரவில்லை. தேடித் தேடிப் பேசினேன். அந்தத் திக்கலில்தான் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முடிவு அன்றே மாறிவிடவில்லை, பேச்சு மட்டும் திரும்ப வந்தது.

எனக்கு ஏன் தமிழ் திக்கியது என்பதைச் சொல்ல வேண்டும். என் சீனத் தோழியைப் பார்த்துத்தான் அது எனக்கே விளங்கியது. அவள் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒன்பது வயதிலிருந்தே டாக்டர் சொல்வதைப் பாட்டிக்கும் பாட்டி சொல்வதை டாக்டருக்கும் அவள்தான் சொல்லுவாள். சின்னப் பிள்ளை தலையில் அவ்வளவு சுமை வைக்கக் கூடாதுதான். ஆனால் வீட்டில் அவளுக்குச் சீனம் இல்லாமல் ஒரு நாள் நகராது. நம் அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நமக்குத் தமிழ் அவசரத்துக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்படாதது என் வாயிலிருந்து ஏழு வயதிலேயே நழுவிவிட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது அம்மாவின் அம்மா, நம் அம்மிச்சி. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் நம்மோடு இருந்தார்களே, அப்போது சாயங்காலம் சென்ட்ரல் பார்க்குக்கு நடக்கக் கூட்டிப்போவது என் வேலை. தோழி தன் பாட்டியோடு வருவாள். இரண்டு பாட்டிகளுக்கும் பொது மொழி கிடையாது. ஒரு நாள் அந்தப் பாட்டி பையிலிருந்து ஒரு காயை எடுத்து நீட்டினார். வெளிர் பச்சை, முள் இல்லாமல் வழவழவென்று மேடு மேடாக இருந்தது. அம்மிச்சி வாங்கி, நகத்தால் லேசாகக் கீறி, முகர்ந்து, "அட, பாகல்!" என்றார்கள். அவ்வளவுதான், இருவரும் சிரித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று இரவு அந்தச் சீனப் பாகற்காயில்தான் புளிக்குழம்பு.

அந்த நடையில்தான் தோழி தன் உறவுமுறைகளைச் சொன்னாள். அம்மாவின் அம்மா 'வாய்ப்போ', நம் அம்மிச்சி மாதிரி. அப்பாவின் அம்மாவுக்கு வேறு சொல், நம் அப்பத்தா மாதிரி. அக்காவுக்கு 'ஜியேஜியே', தங்கச்சிக்கு 'மேய்மேய்'. ஆங்கிலத்தில் நாம் இருவருமே ஒரே சொல்தான், யார் மூத்தவள் என்று அந்தச் சொல் சொல்லாது. 2020-ல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்திய கமலா ஹாரிஸ், குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது 'சித்தி' என்ற சொல்லை அப்படியே சொன்னார். அவர் பிறந்த ஓக்லாந்து நம் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். யாரிடமும் 'மை கிராண்ட்மா' என்று சொல்லாதே, 'அம்மிச்சி' என்றே சொல். கேட்டால் விளக்கு.

தமிழ்ப் பள்ளியை விட்டுவிடலாமா என்று கேட்டாய். விடாதே. 1998-ல் குப்பர்டினோவில் சில பெற்றோர் சேர்ந்து தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் மாதிரி ஆட்கள் வார இறுதியைக் கொடுத்ததால்தான் நமக்குப் பாடப்புத்தகமே கிடைத்தது. பட்டயத்தில் இருமொழி முத்திரை பெறும் வழியை 2012-லிருந்து கலிபோர்னியா அரசு வைத்திருக்கிறது. தமிழுக்கும் அது உண்டு. உன் சீனத் தோழிகளும் சீனப் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. உனக்கும் எனக்கும் பேப்பர் வேறு. நான் ஆறு வயதில் கோயம்புத்தூரிலிருந்து அப்பா விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள். நீ இங்கேயே பிறந்தவள். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால் நம் வரிசை நகரவே இல்லை. 21 வயது ஆனதும் பிள்ளைக்கான விசா செல்லாது. என் 21-வது பிறந்தநாள் கேக்குக்கு நீதான் மெழுகுவர்த்தி வைத்தாய். அதற்கு முன்பே நான் மாணவர் விசாவுக்கு மாறியிருந்தேன். அம்மா அன்று ஏன் அழுதார்கள் என்று கேட்டாயே, அதனால்தான்.

உன்னைக் குடிமகளாக்கியது ஒரு சீனக் குடும்பத்துப் பிள்ளை. வோங் கிம் ஆர்க், 1873-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று 1882-ல் சட்டம் போட்டிருந்த காலம். சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியவரை, நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தினார்கள். அவர் வழக்காடினார். இங்கே பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன் என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த முறை ஏஞ்சல் தீவுக்குப் படகில் போகும்போது உன் சீனத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போ. 1910 முதல் 1940 வரை அங்கே அடைத்து வைக்கப்பட்ட சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்னும் இருக்கின்றன. அவளால் சில எழுத்துகளை வாசிக்க முடியும். வாசிக்கச் சொல்லிக் கேள்.

கடைசியாக, சனிக்கிழமை காலை எட்டு மணி. அப்போது கோயம்புத்தூரில் இரவு எட்டரை, அம்மிச்சி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போனில் எட்டிப் பார்த்து ஹாய் சொல்வது கணக்கில்லை. நீயே கூப்பிடு, தமிழில் மட்டும் பேசு, என்ன குழம்பு என்று கேள். நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றியதும் ஏழு மணிக்கே கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஒன்பதரை ஆகிவிடும், தூங்கிவிடுவார்கள்.