பொருளும் நினைவும்: அலங்காரக் கலைஞர் நேற் பேர்க்கஸ்

சுவரின் நிறம், இருக்கைகளின் இடம், ஒளியின் அளவு ஆகியவற்றை ஆராய்ந்து, வாழ்வோரின் இயல்புக்கு இயைய ஓர் இல்லத்தின் உட்புறத்தை ஒழுங்குசெய்வாரை உள்ளக அலங்காரக் கலைஞர் என்கின்றோம். செல்வர் மனைகளிற் பயின்று வந்த இக்கலையைச் சாதாரண குடும்பங்களின் கண்முன் கொணர்ந்தது தொலைக்காட்சியாகும். அப்பணியிற் பெயர் பெற்றவரும், எமது நாட்டின் கீழைக்கரையோடு மறக்கொணாத் தொடர்பு கொண்டவருமாகிய நேற் பேர்க்கஸ் என்பாரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் 1971ஆம் ஆண்டிற் பிறந்த இவர், மின்னெசோட்டாவில் வளர்ந்தார். இவரின் அன்னையாரும் இத்துறையினரே. லேக் பொறஸ்ற் கல்லூரியிற் கற்றுத் தேறியபின், சிக்காகோ நகரின் ஏல விற்பனை நிலையமொன்றிற் பணியாற்றினார். ஏலத்துக்கு வரும் பழம்பொருள் ஒவ்வொன்றும் முன்னர் ஒருவர் கைபட்டுத் தேய்ந்தது; ஒரு குடும்பத்தின் கதையைத் தன்னுள் அடக்கியது. பொருளை மதிப்பிடும் கண் அலங்காரக் கலைஞனுக்கு இன்றியமையாதது. அதற்கு இத்தகைய நிலையத்தினும் சிறந்த பள்ளி வேறில்லை. 1995இல் அந்நகரிலேயே தமது சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

2002ஆம் ஆண்டில் ஓப்ரா வின்பிறீயின் நிகழ்ச்சியிலே தோன்றியமை இவர் வாழ்வின் திருப்பமாயிற்று. தொலைக்காட்சி அலங்காரத்துக்கென ஒரு முறை உண்டு. முதலில் சீர்கெட்ட அறையைக் காட்டுவர். உரிமையாளர் அகன்றிருக்க, குறுகிய காலத்துள் அதனை மாற்றுவர். பின்னர் கதவைத் திறந்து அவர்தம் வியப்பைப் படம்பிடிப்பர். இம்முறை புதுமையையே விரும்புவது. பழையதைக் கழித்தால் வேறுபாடு பெரிதாய்த் தோன்றும். இதனுள் நின்றுகொண்டே, பழையதைப் போற்றும் கொள்கையை வளர்த்தமையே பேர்க்கஸின் தனிச்சிறப்பென்போம்.

அக்கொள்கையை ஆழப்படுத்தியது ஒரு பேரிழப்பு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள், தம் துணைவரும் ஒளிப்படக் கலைஞருமாகிய பேர்ணாண்டோ பெங்கொச்சேயாவுடன் அறுகம்குடாவிலே கடற்கரைக் குடிலொன்றில் தங்கியிருந்தார். ஆழிப்பேரலை இருவரையும் வாரிச் சென்றது. பேர்க்கஸ் உயிர் பிழைத்தார், பெங்கொச்சேயா மீளவில்லை, உடலும் கிடைத்திலது. எமது தீவில் 30,000க்கு மேற்பட்டோரைக் காவுகொண்ட அந்நாளின் துயரத்தில் அயல்நாட்டாராகிய இவரும் பங்காளரானார்.

எனினும் இவர் தொழிலைத் துறந்திலர். 2010 முதல் 2012 வரை தம் பெயரிலேயே நாடோறும் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். 2012இல் வெளியிட்ட நூலில், மனிதர் தம் இல்லத்திற் பேணும் பொருள்கள் அவர்தம் வாழ்வை எடுத்துரைப்பன என்பதையே விளக்கினார். தம் இழப்பையும் அதனுள் எழுதினார். 2014இல் ஜெரமையா பிறென்ற் என்னும் அலங்காரக் கலைஞரை வாழ்க்கைத் துணைவராய் ஏற்றார். 2017 முதல் இருவரும் இணைந்தே தொலைக்காட்சியிற் பணியாற்றத் தலைப்பட்டனர்.

இவ்வாழ்விலிருந்து நாம் கற்பது யாது? அழகு விலையில் அடங்குவதன்று. பாட்டனாரின் சாய்மனைக் கதிரையும், விறாந்தைச் சுவரில் மங்கிய கல்லூரிக் குழுப்படமும் ஏலத்திலே விலைபோகா. ஆயினும் அவை அகன்றால் வீடு வெறுமையாகும். அலையாலும் போராலும் வீடிழந்து, ஒரு படத்தை மட்டும் மார்போடணைத்து வெளியேறியோர் எம்மிடையே பலர். அவர்க்கு இப்பாடம் புதிதன்று. புதுமனை அமைக்கும் எம் இளைஞர், பழம்பொருளை வெளியே எறியுமுன் அதன் கதையை ஒருமுறை முதியோரிடம் கேட்டறிவாராக.